பிரமுகர் தாக்கப்பட்டால் மருத்துவக் குழு என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஓட்டல் வாசலில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சுடப்பட்டார். மெய்க்காவலர் ஜெர்ரி பார் அவரைக் காருக்குள் தள்ளி, வெள்ளை மாளிகைக்கு விடச் சொன்னார். குண்டு பட்டிருக்கிறது என்று அப்போது இருவருக்குமே தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் ரீகனின் உதட்டில் நுரை கலந்த செக்கச்சிவந்த ரத்தம் தெரிந்தது. நுரையீரலில் அடி என்று ஊகித்த பார், காரை மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். அங்கே ரீகனின் சொந்த மருத்துவர் டேனியல் ரூஜ் சிகிச்சைக் குழுவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வேறு எந்த நோயாளி வந்தாலும் என்ன செய்வீர்களோ, அதையே செய்யுங்கள். உடலிலிருந்த ரத்தத்தில் பாதிக்கும் மேல் இழந்த அந்த 70 வயதுக்காரர் ஏப்ரல் 11 அன்று வீடு திரும்பினார்.

இதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1881 ஜூலை 2 அன்று, அதே வாஷிங்டனில் ரயில் நிலையத்தில் சுடப்பட்டவர் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். குண்டைத் தேடி மருத்துவர்கள் மாறி மாறிக் கழுவாத விரலையும் கருவியையும் காயத்துக்குள் விட்டார்கள். அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகம் கண்டறியும் கருவியோடு வரவழைக்கப்பட்டார். தலைமை மருத்துவர் வில்லார்ட் பிளிஸ், குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்ற முடிவில் இருந்ததால் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பர் 19 அன்று, கிருமித் தொற்றில் உடல் உருகி, கார்ஃபீல்ட் இறந்தார். குண்டை அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று இன்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

பெரிய மனிதர் என்பதற்காகச் சிகிச்சை முறை மாறுவதும், அதனாலேயே அது கெட்டுப்போவதும் மருத்துவத்தில் பெயர் வைக்கப்பட்ட ஒரு சிக்கல். 1964-இல் வால்டர் வெய்ன்ட்ராப் என்ற மனநல மருத்துவர் அதை ‘விஐபி சிண்ட்ரோம்’ என்று அழைத்தார். வலிக்குமே என்று ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். சங்கடமாக இருக்குமே என்று உடையை முழுதாகக் கழற்ற மாட்டார்கள். முடிவெடுக்க வேண்டிய மருத்துவர், வெளியிலிருந்து யாராவது பெரியவர் வரட்டும் என்று காத்திருப்பார். இதில் எதுவும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. மரியாதையும் பயமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

ஆகவே இந்த வழிகாட்டி பிரமுகருக்கென்று தனிச் சிகிச்சை எதையும் சொல்லப் போவதில்லை. தினமும் நடக்கும் அவசர சிகிச்சை அன்றைக்கும் தினம்போலவே நடக்க வேண்டும். அதைக் கலைக்க வரும் கூட்டம், அதிகாரம், கேமரா, வதந்தி ஆகியவற்றை எப்படித் தள்ளி நிறுத்துவது என்பதே முன்தயாரிப்பில் பெரும்பகுதி. மருத்துவமனை நிர்வாகி, அவசரப் பிரிவு மருத்துவர், செவிலியர், பிரமுகரோடு பயணிக்கும் மருத்துவர், பாதுகாப்புக் குழு ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மருந்து அளவு, நடைமுறை விஷயங்களில் உங்கள் மருத்துவமனையின் எழுத்துபூர்வமான நெறிமுறைதான் இறுதி.

1. மருத்துவமனையை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்

பெயர் பெற்ற மருத்துவமனையைக் குறித்து வைப்பதுதான் பலரும் செய்வது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த இடத்திலிருந்து புறப்பட்டால், நெஞ்சிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு உள்ள ஒருவருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எது?

1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரக் கண்காட்சியில் அதிபர் வில்லியம் மெக்கின்லி சுடப்பட்டபோது, கண்காட்சி வளாகத்திலேயே இருந்த சிறு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். போதிய விளக்கு இல்லை. கண்ணாடி பிடித்து மாலை வெயிலை வயிற்றுக்குள் திருப்பினார்கள். கத்தி பிடித்த மாத்யூ மேன் மகப்பேறு, பெண்கள் நோய் நிபுணர். ஊரின் பெயர் பெற்ற அறுவை மருத்துவர் ராஸ்வெல் பார்க் அந்த நேரம் நயாகரா ஃபால்ஸில் வேறொரு அறுவை சிகிச்சையில் இருந்தார். எட்டு நாள் கழித்து, குண்டு போன பாதையில் திசு அழுகி மெக்கின்லி இறந்தார். இடம் பக்கத்தில் இருந்தது, ஆனால் வேலைக்கு ஏற்ற இடமாக இல்லை.

தூரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போவதும் ஆபத்துதான். 2024 மே 15 அன்று ஸ்லோவாக்கியப் பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ ஹண்ட்லோவாவில் சுடப்பட்டபோது ஹெலிகாப்டர் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்குப் போகவில்லை. அவ்வளவு நேரம் கிடையாது என்று பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவுக்குக் கொண்டுபோனார்கள். பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பிழைத்தார்.

எனவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு மருத்துவமனைகளைக் குறியுங்கள், முதல் பாதை அடைபட்டால் மாற்றுப் பாதையையும் சேர்த்து. நேரில் போய்ப் பார்த்து இவற்றைக் கேளுங்கள்:

- அந்த நாளில், அந்த மணி நேரத்தில் அறுவை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் கட்டடத்துக்குள் இருப்பார்களா, அல்லது வீட்டிலிருந்து வர வேண்டுமா?
- நெஞ்சு, ரத்தக்குழாய், மூளை அறுவை மருத்துவர்கள் எவ்வளவு நேரத்தில் வருவார்கள்?
- ரத்த வங்கியில் ஓ குரூப் ரத்தம் எவ்வளவு இருக்கிறது? உறைய வைத்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) உருக்க எத்தனை நிமிடம்? தட்டணுக்கள் கையிருப்பில் உண்டா?
- ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை ஸ்ட்ரெச்சர் தடங்கலில்லாமல் போகுமா? லிஃப்ட் ஒன்றுதானா?
- ஹெலிகாப்டர் இறங்க வசதி இருக்கிறதா? இரவிலும் இறங்க முடியுமா?

எல்லாக் கேள்விக்கும் திருப்தியான பதில் எங்கும் கிடைக்காது. எங்கே ஓட்டை இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அதை அடைக்க ஒரு நாளாவது கிடைக்கும்.

2. ஒரு பக்க மருத்துவக் குறிப்பு

ரத்த குரூப், ஒவ்வாமை, தினசரி மருந்துகள், பழைய அறுவை சிகிச்சைகள், உடலுக்குள் இருக்கும் பேஸ்மேக்கர், ஸ்டென்ட், உலோகத் தகடு, நோயாளி பேச முடியாத நிலையில் அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் யார். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இவற்றில் உயிரோடு நேரடியாக விளையாடுவது ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை. வயதான தலைவர்கள் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது போட்டார் என்று தெரிந்தால்தான் அதன் விளைவை முறிக்கும் மருந்தைத் தொடங்க முடியும்.

தலைவர்களின் நோய் விவரம் வெளியே போவது பாதுகாப்புப் பிரச்சினை என்று சிலர் இந்தக் குறிப்பையே எழுத விடுவதில்லை. அது தவறு. மூடி முத்திரையிட்ட உறையில் பயண மருத்துவரின் பையில் ஒன்றும், பாதுகாப்புத் தலைவரிடம் ஒன்றும் இருக்கட்டும். தேவைப்படாவிட்டால் பிரிக்காமலே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: குறிப்பில் ரத்த குரூப் எழுதியிருந்தாலும் மருத்துவமனை தானே சோதித்துப் பார்க்காமல் அந்த குரூப்பை ஏற்றாது, ஏற்றக் கூடாது.

3. முதல் ஐந்து நிமிடங்கள்: மெய்க்காவலரின் கை

தாக்குதல் நடந்த இடத்தில் மருத்துவரைவிட அருகில் இருப்பவர் மெய்க்காவலர். அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் அளவுக்கு ரத்தத்தை நிறுத்தும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். நான்கு திறமை போதும்.

கை கால் காயத்தில் ரத்தம் பீறிட்டால் டூர்னிகெட் எனும் இறுக்குப் பட்டை: காயத்துக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது வராமல், ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் டூர்னிகெட் கட்ட முடியாது. அங்கே ரத்தம் உறைய வைக்கும் காஸ் துணியைக் காயத்தின் ஆழம் வரை திணித்து, குறைந்தது மூன்று நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். நெஞ்சில் துளை இருந்தால் அதற்கான ஒட்டுப்பட்டையால் மூட வேண்டும். மூடிய பிறகு மூச்சுத்திணறல் கூடினால் பட்டையை ஒரு பக்கம் தூக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். நான்காவது, மயங்கியவரின் மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது.

கத்தி, கம்பி போன்றவை உடலில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. இதைப் பயிற்சியில் எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் பதற்றத்தில் கை தானாக அதை நோக்கித்தான் போகும்.

பயண மருத்துவர் எங்கே நிற்க வேண்டும்? பிரமுகரின் தோளோடு தோளாக நின்றால் அதே தாக்குதலில் அவரும் விழலாம். வெகுதூரம் போனால் கூட்டத்தைத் தாண்டி வர முடியாது. வாகன வரிசையில் வேறு காரில், மேடை என்றால் பக்கவாட்டில், ஓடிவரத் தடையில்லாத இடத்தில் நிற்பது நல்லது. பையைத் தன்னோடேயே வைத்திருக்க வேண்டும்.

4. காரா, ஆம்புலன்ஸா? யார் முடிவு?

குண்டு பாய்ந்த நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சாலையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. உள்ளே கசிவதை நிறுத்த அறுவை மேசைதான் வேண்டும். எனவே ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு புறப்படுவதுதான் சரி. சம்பவ இடத்தில் நின்று ஊசி குத்தி, சலைன் போட்டு, எல்லாம் முடித்துப் புறப்படலாம் என்று நினைத்தால் உயிர் போகும்.

பாதுகாப்புக் குழுவுக்குப் பிரமுகரை மூடிய, காவலுள்ள இடத்துக்குக் கொண்டுபோவதே இயல்பான முதல் எண்ணம். மருத்துவருக்கு அறுவை மேசை. இந்த இரண்டும் மோதும்போது யார் சொல் செல்லும் என்பதைச் சாலையில் வைத்துப் பேசக் கூடாது. ‘காயம் உண்டு, அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் உண்டு: நேராக மருத்துவமனை’ என்று முன்கூட்டியே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வையுங்கள். ஜெர்ரி பார் அன்றைக்குத் தன் புத்தியால் எடுத்த முடிவை மற்றவர்கள் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

வழியிலிருந்து மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டியது அரை நிமிடத்தில் முடிய வேண்டும்: வயது, ஆணா பெண்ணா, எப்போது நடந்தது, எதனால், எங்கெல்லாம் காயம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நினைவு எப்படி, இதுவரை என்ன செய்தோம், எத்தனை நிமிடத்தில் வருகிறோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. முன்பே ஒத்துக்கொண்ட ஒரு குறிச்சொல் போதும்; அந்தச் சொல்லுக்கு மருத்துவமனையில் கதவுகள், லிஃப்ட், ரத்த வங்கி, தியேட்டர் எல்லாம் அசைய வேண்டும்.

5. அவசரப் பிரிவின் வாசலிலிருந்து

அறைக்குள் யார் இருக்கலாம் என்பதுதான் முதல் சண்டை. உள்ளே சிகிச்சைக் குழு, குழுத் தலைவர் ஒருவர், நேரம் குறித்து எழுதும் ஒருவர், பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒரே ஒருவர். மற்ற எல்லாரும், அவர்கள் எந்தப் பதவியில் இருந்தாலும், வெளியே. இதைச் சொல்லும் வேலையைச் சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் விடாதீர்கள். நிர்வாகத்தில் மூத்த ஒருவர் கதவருகே நின்று அதை மட்டுமே செய்ய வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத மருத்துவர்களும் இதில் அடக்கம். வேறு துறைகளின் மூத்த மருத்துவர்கள் அன்பினாலும் ஆர்வத்தினாலும் வந்து குவிவார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவர்களுக்குப் பக்கத்து அறையில் இடம் கொடுங்கள். தேவைப்பட்டவரை மட்டும் குழுத் தலைவர் அழைக்கட்டும்.

உள்ளே நிற்கும் பாதுகாப்பு அதிகாரிக்கு இரண்டு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கையுறை, முகக்கவசம் போடாமல் மேசையை நெருங்கக் கூடாது. துப்பாக்கியோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் காலெடுத்து வைக்கவே கூடாது. அந்தக் காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், ஆயுதத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிடும்.

பதிவுக்குப் புனைபெயர் வைப்பது வழக்கம். நல்லதுதான். ஆனால் புனைபெயரும் உண்மைப் பெயரும் கலந்து ரத்த மாதிரிகளில் எழுதப்பட்டால் தவறான ரத்தம் ஏறிவிடும். ஒரே பெயர், ஒரே அவசர எண், கையில் ஒரே பட்டை. எக்ஸ்ரே, ஆய்வகம், ரத்த வங்கி மூன்றிலும் அதுவே. பழைய மருத்துவப் பதிவோடு இணைப்பதை நிலைமை அடங்கிய பிறகு செய்யலாம்.

உடையை முழுதாக வெட்டி எடுங்கள். முதுகு, அக்குள், இடுப்பின் மடிப்பு, தலைமுடிக்குள் என்று எல்லாவற்றையும் பாருங்கள். ரீகனின் காயம் இடது அக்குளுக்குக் கீழே ஒரு சிறிய கீறல் போலத்தான் இருந்தது. காரின் உலோகத்தில் பட்டுத் தட்டையாகிப் பாய்ந்த குண்டு அது. உடையை வெட்டிய பிறகே கண்ணில் பட்டது. குண்டுக் காயங்களில் ஒரு எளிய கணக்கு உண்டு: உடலிலுள்ள துளைகளையும் எக்ஸ்ரேயில் தெரியும் குண்டுகளையும் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும். ஒற்றைப்படை வந்தால் ஏதோ ஒன்று இன்னும் கண்ணில் படவில்லை.

வெட்டிய உடையிலும் பையிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து ஒப்படைக்கவும் ஒருவர் வேண்டும். ரீகனின் அணு ஆயுத உத்தரவுக்கான அடையாள அட்டை அன்றைக்கு அவருடைய உடைமைகளோடு சேர்ந்து போய், கடைசியில் எஃப்.பி.ஐ. கையில் இருந்தது.

6. ரத்தம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். குண்டு, கத்தி, வெடி எதுவானாலும், மருத்துவமனைக்கு உயிரோடு வந்து, காப்பாற்ற வாய்ப்பிருந்தும் இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் ரத்த இழப்புதான்.

‘பெருமளவு ரத்தமேற்றும் நெறிமுறை’ என்று ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும். ஒருவர் போன் செய்து ஒரு வார்த்தை சொன்னால் ரத்த வங்கி மேற்கொண்டு கேள்வி கேட்காமல் முதல் பெட்டியை அனுப்பும். நிறுத்தச் சொல்லும் வரை அடுத்தடுத்த பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். பெட்டியில் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றும் ஏறக்குறைய சம விகிதத்தில் இருக்க வேண்டும். சிவப்பணுவை மட்டும் ஏற்றினால் ரத்தம் உறையும் சக்தி நீர்த்துப்போகும். சலைனை லிட்டர் கணக்கில் ஏற்றினாலும் இதே கதிதான்.

குரூப் தெரியும் வரை ஓ ரத்தம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு ஓ நெகட்டிவ். மற்றவர்களுக்கு ஓ பாசிட்டிவ் கொடுக்கலாம், அதனால் அரிதான நெகட்டிவ் மிச்சமாகும். ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில், காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள். அப்புறம் இன்னொரு கிராம் எட்டு மணி நேரத்தில் மெதுவாக. 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு இதன் பலனைக் காட்டியது. மூன்று மணி நேரம் தாண்டித் தொடங்கினால் தீங்காகலாம் என்பதும் அதே ஆய்வுத் தரவிலிருந்து தெரியவந்ததுதான். ரத்தம் ஏற ஏற கால்சியம் இறங்கும், அதையும் கொடுக்க வேண்டும். ஏற்றும் ரத்தமும் அறையும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையாது.

கசிவு நிற்கும் வரை மேல் ரத்த அழுத்தத்தை 80, 90 என்ற அளவில் விட்டுவைப்பது நல்லது. ஏற்றி ஏற்றி 120-க்குக் கொண்டுவந்தால் அடைத்துக்கொண்ட இடம் பிய்த்துக்கொள்ளும். இதற்கு முக்கிய விதிவிலக்கு தலைக்காயம். மூளைக்கு ரத்தம் போயாக வேண்டும், ஆகவே அங்கே 110-க்குக் கீழே இறங்க விடக் கூடாது.

எவ்வளவு தேவைப்படலாம்? 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் சுடப்பட்ட ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேக்கு 100 யூனிட்டுக்கு மேல் ஏற்றினார்கள். ஜப்பானில் ஒரு யூனிட் என்பது 200 மி.லி. ரத்தத்திலிருந்து எடுப்பது, மற்ற பல நாடுகளின் யூனிட்டில் ஏறக்குறைய பாதி. அப்படிப் பார்த்தாலும் பல மருத்துவமனைகளின் ஒரு நாள் கையிருப்பை அது தாண்டிவிடும். அன்று மாலை 5.03-க்கு அவர் இறந்தார். எல்லாம் சரியாகச் செய்தும் காப்பாற்ற முடியாத காயங்கள் உண்டு. ஆனால் பக்கத்து ரத்த வங்கிகளிடமிருந்து எப்படி வாங்குவது, யார் கொண்டுவருவது என்ற ஏற்பாடு முன்பே இருந்தாக வேண்டும்.

செய்தி பரவியதும் ரத்தம் கொடுக்க மக்கள் வரிசையில் வருவார்கள். அவர்களை அவசரப் பிரிவுக்கு அனுப்பாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். அவசரத்தைக் காரணம் காட்டிச் சோதிக்காத ரத்தத்தை ஏற்றாதீர்கள். 1981 மே 13 அன்று சுடப்பட்ட போப் இரண்டாம் ஜான் பால் அறுவை சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஏற்றிய ரத்தம் மூலம் வந்ததாகக் கருதப்படும் சைட்டோமெகாலோ வைரஸ் தொற்றோடு ஜூனில் மறுபடி மருத்துவமனைக்கு வர நேர்ந்தது.

7. கத்தி யார் கையில்?

பதவியில் பெரியவர் கையில் அல்ல, இந்த வாரமும் போன வாரமும் இதே மாதிரி காயத்துக்கு அறுவை செய்தவர் கையில். துறைத் தலைவர் பல ஆண்டுகளாக நிர்வாகம் மட்டும் பார்த்திருந்தால் அவர் உதவியாளராக நிற்பதே நோயாளிக்குச் செய்யும் மரியாதை.

முதல் அறுவை சிகிச்சையின் நோக்கம் இரண்டு: கசிவை நிறுத்துவது, குடல் கிழிந்திருந்தால் அசுத்தம் பரவாமல் தடுப்பது. உடல் குளிர்ந்து, ரத்தத்தில் அமிலம் ஏறி, உறைதலும் கெட்டிருக்கும் நோயாளிக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தைத்து முடிக்கப் பார்த்தால் மேசையிலேயே போய்விடுவார். தற்காலிகமாக மூடி, ஐசியூவில் தேற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி திறப்பார்கள். இதைக் குடும்பத்துக்கும் கட்சிக்காரர்களுக்கும் முதல் அறுவை முடிந்த உடனே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘முதல் ஆபரேஷன் தோல்வி’ என்று செய்தி போகும்.

உள்ளே தங்கிய குண்டை எடுத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி வெளியிலிருந்து நிச்சயம் வரும். ரத்தக்குழாயையோ மூட்டையோ தொந்தரவு செய்யாத குண்டை விட்டுவைப்பதில் தவறில்லை. கார்ஃபீல்டின் நினைவு இந்த இடத்தில் வந்தால் போதும்.

8. மற்ற காயம்பட்டவர்கள், தாக்கியவரும்கூட

பிரமுகர் மட்டும் காயப்படுவது அபூர்வம். ரீகனோடு பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி, ஒரு மெய்க்காவலர், ஒரு போலீஸ்காரர் என மூன்று பேருக்குக் குண்டு பட்டது. 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் சுடப்பட்ட சம்பவத்தில் ஆறு பேர் இறந்தார்கள், அவரோடு சேர்த்து 13 பேர் குண்டுக்காயம் பட்டார்கள்.

யாரை முதலில் மேசைக்கு எடுப்பது என்பது காயத்தின் கடுமையைப் பொறுத்தது. பதவியைப் பொறுத்ததல்ல. சொல்ல எளிது, அன்றைக்கு இதை நடத்திக் காட்டக் கடினம். அதனால் தரம்பிரிக்கும் மருத்துவர் ஒருவரைத் தனியாக நியமியுங்கள், பிரமுகரின் சிகிச்சையில் அவருக்கு எந்தப் பங்கும் வேண்டாம். இரண்டாவது தியேட்டரும் இரண்டாவது குழுவும் பிரமுகருக்கென்று சும்மா காத்திருக்கக் கூடாது.

தாக்கியவரும் அதே மருத்துவமனைக்கு வரலாம். 1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் பார்க்லாண்ட் மருத்துவமனைக்கு அதிபர் கென்னடி கொண்டுவரப்பட்டார். இரண்டு நாள் கழித்து, அவரைச் சுட்டதாகக் கைதான லீ ஆஸ்வால்ட் சுடப்பட்டு அதே மருத்துவமனைக்கு வந்தார். கென்னடிக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் சிலர் அவரையும் காப்பாற்றப் போராடினார்கள். மருத்துவத் தொழிலைப் பற்றி இதைவிடப் பெருமையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நடைமுறையில் வேண்டியது: வேறு வாசல், வேறு அறை, வேறு குழு, தனிக் காவல்.

9. தடயம்

உயிர்தான் முதலில். தடயத்துக்காக எதையும் தாமதிக்க வேண்டாம். அதே சமயம், கூடுதல் நேரம் எடுக்காத சில பழக்கங்கள் பெரிய வித்தியாசம் செய்யும். உடையை வெட்டும்போது துளை உள்ள இடத்தை விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். குண்டை வெறும் உலோக இடுக்கியால் பிடித்தால் கீறல் விழும். முனையில் ரப்பர் மாட்டிய இடுக்கி வேண்டும். யார் எடுத்தார், யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று எழுதுங்கள்.

காயத்தின் இடம், அளவு, வடிவம் இவற்றை எழுதிப் படமெடுங்கள். ‘குண்டு நுழைந்த இடம்’, ‘வெளியேறிய இடம்’ என்று எழுதாதீர்கள். கென்னடியின் கழுத்தின் முன்புறத்தில் இருந்த சிறு துளை வழியாகவே பார்க்லாண்ட் மருத்துவர் மால்கம் பெர்ரி மூச்சுக்குழாய்த் திறப்பு செய்தார். மருத்துவ ரீதியில் அது நியாயமான முடிவு. ஆனால் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்தவர்களுக்கு அங்கே ஒரு குண்டுக்காயம் இருந்தது மறுநாள் போனில் பேசும் வரை தெரியவில்லை. அதற்குள் பெர்ரி நிருபர்களிடம் அது குண்டு நுழைந்த காயம் போலத் தெரிந்தது என்று சொல்லியிருந்தார். அரை நூற்றாண்டு தாண்டியும் ஓயாத சந்தேகங்களுக்கு அந்த ஒரு வாக்கியமும் தீனி போட்டது. அபே விஷயத்திலும் மருத்துவமனை அன்று மாலை விவரித்த காயங்களும் பிரேதப் பரிசோதனை முடிவும் முழுதாகப் பொருந்தவில்லை, உடனே கட்டுக்கதைகள் கிளம்பின. சிகிச்சைக் குழு அவசரத்தில் பார்ப்பதும், தடயவியல் நிபுணர் நிதானமாகப் பார்ப்பதும் வேறுபடுவது இயல்பு. ஆகவே குண்டின் பாதையைப் பற்றி மருத்துவமனை பேசவே வேண்டாம்.

10. வெளியே என்ன சொல்வது?

குடும்பத்துக்கு முதலில். அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

பேசுபவர் ஒருவர் மட்டும். சிகிச்சையில் இல்லாத, ஆனால் மருத்துவம் தெரிந்த, நிதானமான ஒருவர். ரீகன் சுடப்பட்ட அன்று டென்னிஸ் ஓ’லியரி என்ற மருத்துவ நிர்வாகி அந்த வேலையைச் செய்தார். முதல் அறிவிப்பு சீக்கிரம் வர வேண்டும். அதில் எதுவும் தெரிவிக்க இல்லாவிட்டாலும் ‘நோயாளி வந்திருக்கிறார், சிகிச்சை நடக்கிறது, அடுத்த அறிவிப்பு இத்தனை மணிக்கு’ என்றாவது இருக்கட்டும். சொன்ன மணிக்கு வந்து நில்லுங்கள். வெற்றிடம் இருந்தால் வதந்தி நிரப்பும்: 1981-இல் ஜேம்ஸ் பிரேடி இறந்துவிட்டார் என்று தொலைக்காட்சிகள் சொல்லின, 2011-இல் கிஃபர்ட்ஸ் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. இரண்டு பேருமே உயிரோடு இருந்தார்கள்.

மருத்துவப் பதிவு யார் கண்ணுக்குத் தெரியலாம் என்பதைக் கணினியில் முன்பே பூட்டி, யார் திறந்தார் என்ற பதிவைத் தினமும் பாருங்கள். டூசான் சம்பவத்துக்குப் பிறகு, வேலைக்குத் தேவையில்லாமல் பதிவுகளைத் திறந்து பார்த்ததற்காக அந்த மருத்துவமனை மூன்று ஊழியர்களை வேலையை விட்டு நீக்கியது. செல்போன் கேமரா இன்னும் பெரிய ஆபத்து. சிகிச்சைப் பகுதிக்குள் போகும் எல்லோருடைய போனையும் வாசலில் வாங்கி வைத்துவிடுவதுதான் ஊழியர்களுக்கும் பாதுகாப்பு.

11. ஐசியூவும் அதற்குப் பிறகும்

பாதுகாப்புக்காக நோயாளியை ஐசியூவிலிருந்து எடுத்துத் தனி சொகுசு அறைக்கு மாற்றச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அனுபவமுள்ள செவிலியர்களும் கருவிகளும் இருக்கும் இடத்துக்குக் காவலைக் கொண்டுவாருங்கள்.

வேறு ஊருக்கு மாற்றுவது இன்னொரு நெருக்கடி. கசிவு நின்று, மூச்சு சீராகி, பயணத்தைத் தாங்குவார் என்று சிகிச்சைக் குழு சொன்ன பிறகே மாற்றலாம். 2018 செப்டம்பர் 6 அன்று பிரேசிலின் ஜூயிஸ் டி ஃபோராவில் வயிற்றில் குத்தப்பட்ட அதிபர் வேட்பாளர் ஜயீர் போல்சனாருவுக்கு முதலில் அந்த ஊரிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. நிலை சீரான பிறகே சாவோ பாலோவுக்குக் கொண்டுபோனார்கள். குடல் காயத்தின் தொல்லை அதோடு முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சைக்கு வர வேண்டியிருந்தது.

மயக்கத்திலோ வலிமருந்திலோ இருப்பவர் அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்திடலாமா? சில நாடுகளில் இதற்குச் சட்டம் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தம் அப்படி ஒன்று. 1981-இல் அதன்படி அதிகாரத்தைத் துணை அதிபருக்கு மாற்றும் காகிதங்கள் தயாராகியும் கையெழுத்தாகவில்லை. மருத்துவர் சொல்ல வேண்டியது நோயாளியின் சிந்தனைத் தெளிவைப் பற்றி மட்டும்: இந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறாரா, எப்போது இருப்பார். அதிகாரத்தை யார் ஏற்பது என்பதில் வாய் திறக்க வேண்டாம்.

பொதுவாழ்வில் இருப்பவருக்குப் பேச்சும் குரலுமே தொழில். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். கழுத்தில் சுடப்பட்டார், உயிர் பிழைத்தும் குரல் பழையபடி திரும்பவில்லை. கிஃபர்ட்ஸ் பேச்சுத் திறனை மீட்க நீண்ட பயிற்சி எடுத்தார், 2012 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, மனநல உதவி மூன்றையும் ஐசியூ நாட்களிலேயே தொடங்க வேண்டும். மறுபடி கூட்டத்தின் முன் போய் நிற்கப் பயப்படுவது பலவீனமல்ல என்று யாராவது அவரிடம் சொல்லவும் வேண்டும்.

12. ஒத்திகை

காகிதத்தில் இருக்கும் திட்டம் எதையும் காப்பாற்றாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதுகாப்புக் குழு, ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, ரத்த வங்கி, தியேட்டர், செய்தித் தொடர்பாளர் எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பாருங்கள். அதை இரவிலோ விடுமுறை நாளிலோ வையுங்கள், ஆள் குறைவாக இருக்கும்போதுதான் திட்டத்தின் உண்மையான ஓட்டைகள் தெரியும். போன் செய்த நொடியிலிருந்து முதல் பை ரத்தம் நோயாளியின் கட்டிலுக்கு வர எத்தனை நிமிடம் ஆனது என்று அளந்து எழுதுங்கள். ஒத்திகையில் ‘அமைச்சர்’ ஒருவரையும் நடிக்க வைத்து, உள்ளே விடச் சொல்லிக் கத்த வையுங்கள். கதவில் நிற்பவருக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

உண்மையில் ஒன்று நடந்து முடிந்தால், சிகிச்சைக் குழுவை 72 மணி நேரத்துக்குள் உட்கார வைத்துப் பேசுங்கள். நோயாளி இறந்திருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அந்தக் குழுவின் மீது நாடே பழி போடும் நாட்கள் வரும். நிர்வாகம் அவர்கள் பக்கம் நிற்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எங்கே தாமதமானது, எந்தக் கதவு பூட்டியிருந்தது, எந்த எண் எடுக்கப்படவில்லை என்பதை எல்லாம் குறித்துக்கொண்டு, தொடர்பு எண்களின் பட்டியலை அன்றே திருத்துங்கள். தீர்ந்துபோன டூர்னிகெட், காஸ், டிரானெக்சாமிக் அமிலம் எல்லாம் பையில் மறுபடி வைக்கப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்திட ஒருவரை நியமியுங்கள்.